அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே படம்: மாடியில் திரை கட்டுவோர் கவனத்துக்கு

மொட்டை மாடியில் திரை கட்டிக் குடும்பத்தோடு பார்க்கப் படம் தேடும்போது நடு வயதுக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததில் இருந்துதான் தொடங்குவார்கள். அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. முப்பத்தைந்து வயது ஆள் எதையும் பார்ப்பார். சலித்தால் போனை எடுத்துக்கொள்வார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது அப்பத்தாவுக்கும் அந்த வசதி இல்லை. ஒன்று எழுந்து ஓடும், இன்னொன்று உட்கார்ந்தபடியே தூங்கும். இந்த இரண்டு ஓரத்துக்கும் பொருந்துகிற படத்தை எடுத்தால் நடுவில் இருப்பவர்கள் தானாக வந்து சேர்ந்துகொள்வார்கள்.

ஓரம் இரண்டுக்கும் பொருந்துவது என்றால் என்ன? கதையை ஒரு வரியில் ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அதற்குப் புரிய வேண்டும். செருப்பு தொலைந்துவிட்டது, பீட்சா தின்ன ஆசை, அண்ணனைத் தேடிப் போகிறான் என்கிற அளவுக்கு. அந்த ஒரு வரிக்கு அடியில் பெரியவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேறொன்று இருக்க வேண்டும்: வறுமையோ, புருஷன் பெண்டாட்டி சண்டையோ, ஊர்க்காரர்களின் வீறாப்போ. மேல் வரி இல்லாத படம் பிள்ளைகளை இழக்கும். அடி வரி இல்லாத படத்தில் பெரியவர்கள் அரைமணியில் காபி போடக் கீழே இறங்கிவிடுவார்கள். ‘குழந்தைகள் படம்’ என்று பெயர் ஒட்டி வருகிறவற்றில் பல இந்த இரண்டாவது வகை.

படத்துக்கு முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மே மாதம் மதுரையில் சூரியன் மறைய ஆறரை ஆகும். ஏழு மணிக்கு முன்னால் மாடியில் திரை வெளுத்துத்தான் தெரியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அந்தப் பக்கம் பத்து நிமிடம், இந்தப் பக்கம் பத்து நிமிடம் தள்ளினால் கையில் இருப்பது இரண்டு மணி நாற்பது நிமிடம். இடைவேளைக்கு இருபது நிமிடம் போனால் இரண்டே மணியும் கொஞ்சமும். நம் ஊர்ப் படங்கள் பல அதற்குள் அடங்காது. கடைசி அரைமணியில் சின்னதுகள் எல்லாம் மடியில் தூங்கி, உச்சக்காட்சி ஓடும்போது ஒவ்வொரு குடும்பமாகப் பாயைச் சுருட்டும். மார்கழியில் ஆறரைக்கே இருட்டிவிடும், ஆனால் பனி இறங்கும். வயதானவர்களுக்கு இருமல், கருவிக்கு ஈரம். ஐப்பசியில் மழை. ஆடியில் அடிக்கிற காற்றுக்குத் திரை பாய்மரமாகிவிடும். மாசி, பங்குனி, சித்திரைதான் தோது.

தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது; புதுப் படங்களுக்கு இது நல்ல வழிகாட்டி. பழைய படத்துக்கு ‘யு’ என்று இருந்தால் அன்றைய கண்ணுக்கு அது யு, அவ்வளவுதான். அறுபது, எழுபது, எண்பதுகளின் யு படங்களில் வில்லன் கதாநாயகியைத் துரத்துகிற காட்சி வரும். தூக்குக் கயிறு வரும். பெண்டாட்டியை அறைவது நகைச்சுவையாக வரும். கறுப்பு நிறத்தையும் குண்டு உடம்பையும் வைத்துச் சிரிக்க வைப்பது இல்லாத படத்தைத் தேடத்தான் வேண்டும். எட்டு வயதில் பார்த்து ரசித்த படம் என்ற நினைவை வைத்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எட்டு வயதில் இவை கண்ணில் பட்டிருக்காது.

அதனால் யாராவது ஒருவர் இரண்டு நாள் முன்னாலேயே முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். கையில் ஒரு தாள். எந்த நிமிடம், என்ன வருகிறது, என்ன செய்வது என்று மூன்று கட்டம் போதும். பிள்ளைகளை அடிப்பது, தற்கொலை, பெண்களிடம் அத்துமீறல், ரத்தம் ஆகிய நான்கும் எங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வெட்டித் தாண்ட வேண்டியதில்லை. தாண்டுவதாக இருந்தால் அந்த இடத்தில் அவசரமாக ரிமோட்டைத் தேடக் கூடாது. அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைத் தவிர வேறு எதிலும் நாட்டம் போகாது. அந்த இடத்தையே இடைவேளையாக்கிவிட்டு, தண்ணீர் குடித்து முடித்து, அடுத்த காட்சியில் தொடங்குவது நல்ல தந்திரம். சோகமான காட்சியைத் தாண்டாதீர்கள். பிள்ளைகள் அழட்டும்; பக்கத்தில் ஆள் இருக்கிறது.

மதுரைக்கென்றே எடுத்த மாதிரி ஒரு படம் ‘திருவிளையாடல்’ (1965). ஏ.பி. நாகராஜன் இயக்கி, நக்கீரராகவும் நடித்தது. முழுசாகப் போட்டால் இரண்டரை மணிக்கு மேல். ஆனால் மாம்பழச் சண்டையைச் சட்டமாக வைத்துத் தனித்தனிக் கதைகளாகக் கட்டிய படம் என்பதால் பிரித்துப் போட்டாலும் சேதமில்லை. முதல் நாள் மாம்பழமும் தருமியும். தருமியாக வரும் நாகேஷ் மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற இடத்தைத் திரையில் பார்க்காமல் கூட்டத்தில் பாருங்கள். ஐந்து வயதுக்காரர்கள் அவர் உடம்பு வளைவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், வசனம் ஒன்றும் புரியாது. பத்து, பன்னிரண்டு வயதுகள் கேள்வியும் பதிலும் மாறி மாறி விழுகிற வேகத்தில் சிக்கிக்கொள்ளும். பெரியவர்கள் உதடு வசனத்துக்கு அரை நொடி முன்னால் அசையும். அப்பத்தாக்களுக்கு அது படமே இல்லை, பொற்றாமரைக் குளம். நாலு வயதுப் பிரிவுக்கு நாலு சிரிப்பு ஒரே காட்சியில் கிடைப்பது அபூர்வம். மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் குளத்துப் படியில் உட்கார வைத்தால் நக்கீரர் எங்கே விழுந்தார் என்று சண்டையே நடக்கும்.

இரண்டாம் நாள் ஹேமநாத பாகவதர், பாணபத்திரர் கதை. ‘பாட்டும் நானே’ பாட்டில் வாத்தியத்துக்கு ஒருவராகச் சிவாஜி பெருகி உட்கார்ந்திருப்பார். எத்தனை சிவாஜி என்று எண்ணச் சொன்னால் சின்னதுகள் அசையாது. பாடியவர் மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜன் என்று யாராவது பெருசு கட்டாயம் சொல்லும். நடுவில் வருகிற தாட்சாயணி கதையில் தந்தை மகளை அவமதிப்பதும், சொல் கேட்காமல் போனதற்காகச் சிவன் அவளை நெற்றிக்கண்ணால் எரிப்பதும் இருக்கின்றன. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் அதை விட்டுவிடலாம்.

‘மாயாபஜார்’ (1957) மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. கறுப்பு வெள்ளை என்றதும் பிள்ளைகள் முகம் சுளிக்கும். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் வந்து, லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகிற ‘கல்யாண சமையல் சாதம்’ வரும் வரைதான் அந்தச் சுளிப்பு. இதற்கு நேரடியாகப் பின்பாதியில் இறங்குங்கள். முன்கதையை ஒருவர் மூன்று நிமிடத்தில் வாயால் சொல்லிவிடலாம். கடோத்கஜன் வத்சலாவாக மாறிக் கல்யாண வீட்டைக் கலக்குவதும், சாவித்திரி ஆம்பளை மாதிரி நடந்து காட்டுவதும் இன்றைக்கும் ஈடில்லாத வேடிக்கை.

புதியவற்றில் உசிலம்பட்டிக்காரரான மணிகண்டனின் இரண்டு படங்கள், இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். ‘காக்கா முட்டை’ எந்தக் கூட்டத்திலும் ஓடும். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பீட்சா தின்ன ஆசைப்படுகிற இரண்டு பையன்கள் என்ற மேல் வரி பிள்ளைகளுக்கு. ஊரே அந்த ஆசையை வைத்துக் காசு பார்ப்பது பெரியவர்களுக்கு. ‘கடைசி விவசாயி’ (2022) மெதுவான படம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் போட்டால் பெரியவர்கள் சத்தமே இல்லாமல் பார்ப்பார்கள், கன்று கத்தினால்கூட அதட்டுவார்கள். மயில் செத்துக் கிடப்பதும் யோகி பாபுவின் யானையும் வருகிற இடங்களைத் தவிர மற்ற நேரம் சின்னப் பிள்ளைகள் நெளியும். பத்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் மட்டும் என்றால் தைரியமாகப் போடலாம். ‘பசங்க’ (2009) பையன்களுக்கு வெல்லக்கட்டி. ஆனால் அதில் அப்பா அம்மா போடுகிற சண்டையைப் பிள்ளைகள் திரையில் பார்க்காமல் திரும்பித் தங்கள் பெற்றோரைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பெரியவர்கள் பக்கம் நிலவுகிற அமைதி தனி ரகம்.

வெளிநாட்டுப் படம் போட மொழி தடை இல்லை, எழுத்துதான் தடை. எட்டு, ஒன்பது வயது வரை பிள்ளைகளால் அடியில் ஓடும் எழுத்தை எட்டிப் பிடிக்க முடியாது. ஆங்கில எழுத்து என்றால் பெரியவர்களிலும் பாதிப் பேர் அவுட். பேச்சே இல்லாத படம் இங்கே கை கொடுக்கும். சாப்ளினின் ‘தி கிட்’ (1921) ஒரு மணி நேரத்தை ஒட்டியது. பையன் கல்லெறிந்து கண்ணாடியை உடைப்பான், பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்ட வருவார். எந்த ஊரிலும் புரிகிற பிழைப்பு. பையனை அநாதை ஆசிரமத்துக்குப் பிடித்துப்போகிற இடத்தில் அழுகை நிச்சயம். ‘தி ரெட் பலூன்’ (1956) 34 நிமிடம். பெரிய படத்துக்கு முன்னால் போட உகந்தது. கூட்டம் வந்து சேர்கிற நேரம் அதில் கழிந்துவிடும், தாமதமாக வந்தவருக்கு ஒன்றும் நட்டமில்லை.

பேச்சுள்ள படத்துக்கு ஒரு கதைசொல்லியை வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிற ஈரானியப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997, 89 நிமிடம்) இப்படித்தான் நன்றாக ஓடுகிறது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உட்கார்ந்தால் போதும், மைக் வேண்டாம். எல்லா வசனத்தையும் மொழிபெயர்க்க முயல்வதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மூன்று வசனத்துக்கு ஒரு வரி, அதுவும் காட்சிக்குச் சற்று முன்னால்: “இனி ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடிதான் ஆத்தா. காலையில பள்ளிக்கூடத்துக்குத் தங்கச்சி போட்டுக்கிட்டுப் போகும், மத்தியானம் இவன் போட்டுக்கிட்டு ஓடணும்.” இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி ஓட்டப்பந்தயத்தில் கதைசொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பரிசுதான் ஷூ என்பதை மட்டும் பந்தயத்துக்கு முன்பு இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிடுங்கள். அது மனசில் பதியாத பிள்ளைக்கு, முதலில் வந்தவன் ஏன் அழுகிறான் என்று விளங்காது.

இனித் திரை. பழைய கிராமத்துத் திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டியபோது துணிக்கு இரண்டு பக்கமும் கூட்டம் உட்கார்ந்தது. பின்பக்கம் இருந்தவர்களுக்கு எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாறி, கதாநாயகன் இடது கையால் குத்துவார். காரணம், மெல்லிய துணியில் ஒளி பாதி ஊடுருவிப் போய்விடும். வீட்டில் எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் தைத்துக் கட்டுகிறவர்களுக்கு இன்றும் இதே கதை: படம் மங்கும், போதாக்குறைக்குத் தையல் கதாநாயகியின் மூக்கின் மேலேயே ஓடும். மதுரையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் பஞ்சமில்லை. அங்கே அச்சடிக்காத வெள்ளை ஃபிளெக்ஸ், முதுகு கறுப்பாக உள்ள ரகம், பளபளப்பில்லாததாகக் கேளுங்கள். பளபளப்பு இருந்தால் படத்தின் நடுவில் பல்பு எரிவது மாதிரி ஒரு வெளிச்சப் பொட்டு விழும்.

முப்பது பேருக்கு 8 அடி அகலம், நாலரை அடி உயரம் படம் போதும். எட்டரைக்கு ஐந்து அடியாக வாங்கி, மேலும் கீழும் மூன்று அங்குலம் மடித்து ஒட்டிக் குழாய் நுழைகிற மாதிரி பை வைக்கச் சொல்லுங்கள். ஒரு அங்குல பிவிசி குழாய் இரண்டு. மேல் குழாயை இரண்டு முனையிலும் கயிற்றால் கட்டுங்கள். கீழ்க் குழாயில் மணலை நிரப்பி வாயை அடைத்துத் தொங்க விடுங்கள். நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டுவது தப்பு. காற்று வந்தால் ஃபிளெக்ஸ் கண்ணியில் இருந்து கிழியும், இல்லையேல் கட்டிய கம்பியைச் சாய்க்கும். மாடிப்படி அறையின் சுவர் மீது தொங்கவிடுவது நல்லதுதான், கதவில்லாத பக்கமாகப் பாருங்கள். கதவுப் பக்கம் கட்டினால் ஏறி வருகிற ஒவ்வொரு தலையும் திரையில் தெரியும். படத்தின் அடிவிளிம்பு தரையில் இருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (வெளிச்ச அளவு) எண்ணை நம்பாதீர்கள். பொதுவான ஒரே முறையில் அளந்த ‘ஆன்சி லூமென்’ எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டில் இந்த அளவுத் திரைக்கு 500 ஆன்சி தாராளம். ஒளி வீச்சு விகிதம் (படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றால் 8 அடிப் படத்துக்கு 12 அடி பின்னால் வைக்க வேண்டும். மாடி அதற்கு இடம் தருமா என்று முன்கூட்டியே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். சாய்வாக வைத்துவிட்டுக் கருவிக்குள் உள்ள திருத்தத்தால் சதுரமாக்கினால் கூர்மை போகும். ஸ்டூலுக்கு அடியில் அட்டை கொடுத்து மட்டம் பார்ப்பதே மேல்.

போனில் இருந்து திரைக்கு அனுப்பலாம் என்று கடைசி நேரத்தில் நினைக்கிறவர்களுக்குப் பேச்சு மட்டும் கேட்டுப் படம் கறுப்பாக நிற்கும். ஓடிடி செயலிகள் பல, திருட்டுப் பதிவைத் தடுக்க அப்படித்தான் வைத்திருக்கின்றன. முந்தின நாளே அதே கருவி, அதே கேபிள், அதே படத்தைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று, அந்தச் சந்தா வீட்டாருக்கு மட்டும். தெருவையே கூப்பிட்டாலோ டிக்கெட் வைத்தாலோ உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்திலும்.

கூட்டம் கலைவதற்குப் படத்தை விடச் சத்தம்தான் காரணம். புளூடூத் ஸ்பீக்கரில் உதடும் குரலும் விலகும், வயர் போடுங்கள். ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பார், உங்கள் அம்மாச்சிக்குக் கேட்காது. அளவை வசனத்துக்கு வைக்க வேண்டும், பாட்டுக்கு அல்ல. காது மந்தமானவர்களைப் பின்வரிசை நாற்காலியில் உட்கார வைப்பதே வழக்கமாக இருக்கிறது. திரைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் ஓரம் போடுங்கள்.

கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற தெம்பில் இருப்பவர்கள், மாடி பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இருக்காது. விளக்கு வகை புரொஜெக்டர் பட்டென்று அணைந்தால் சூடு ஆறும் வரை மறுபடி எரியாது. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு விடுகதைக்காரரைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

பங்குனி, சித்திரையில் தளம் பகல் வெயிலைக் குடித்து எட்டு மணி வரை கக்கும். நாலரைக்கு ஒரு தடவை, ஐந்தரைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே வயர் இழுங்கள். பிள்ளைகள் முன்னால் கோரைப்பாயில், திரையில் இருந்து எட்டடி தள்ளி. கைப்பிடிச் சுவரை ஒட்டி யாரும் வேண்டாம், அதிலும் சுவர் மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் அந்த ஓரத்தில் பெரியவர்களின் நாற்காலி வரிசையே வேலி. இந்தக் கூட்டத்தில் சமாளிக்கக் கஷ்டமானது பன்னிரண்டு முதல் பதினாலு வயது வரை. சின்னப் பிள்ளை படம் என்று மூஞ்சியைத் தூக்கும். அவர்களிடம் ரிமோட்டையும் அந்தக் குறிப்புத் தாளையும் கொடுத்து ஆபரேட்டர் ஆக்கிவிட்டால் கடைசி வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

தின்பண்டம் கையில் ஒட்டாததாக இருக்கட்டும். முப்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை, முந்தின இரவே ஊறப்போட்டுச் சுண்டல். தொன்னையில் கொடுத்தால் குப்பை குறையும். குடிக்கப் பருத்திப்பால். ஜிகர்தண்டா வேண்டாம்: ஐஸ் உருகிப் பாயில் கொட்டி, எறும்பு வந்து, இரண்டாம் பாதி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இடைவேளையில் எரிய விடுகிற டியூப் லைட் திரைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், பூச்சி அங்கே போய்விடும்.

முடிந்ததும் புரொஜெக்டரின் விசிறி தானாக நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஃபிளெக்ஸைத் துடைத்து, படம் விழுந்த பக்கம் உள்ளே வரும்படி குழாயோடு சுருட்டி வையுங்கள். மடித்தால் அடுத்த படத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு கோடு விழும்.